விண்ணப்பம் போடாதவர்கள்

துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பம் கோரி ஞாயிறு பத்திரிகையில் விளம்பரம் வரும்போது, யார் யார் போட்டியிடப் போகிறார்கள் என்பது அந்தப் பல்கலைக்கழகத்துக் கன்டீனில் தேநீர் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருப்பது, பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவையில் உட்காரும் எங்களைப் போன்ற வெளியாட்களுக்குத்தான். ஆனால் தெரிவு செய்யும் பொறுப்பில் பாதிக்கு மேல் எங்கள் தலையில்.

நான் இலங்கைக் கணக்காளர் சேவையிலிருந்து ஓய்வு பெற்றவள். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது ஹட்டனில் குடியிருக்கிறேன். மலைநாட்டில் ஓர் அரச பல்கலைக்கழகத்தின் பேரவையில் சில காலம் வெளி உறுப்பினராக இருந்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரோ, யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதோ இங்கே வராது. அந்தக் காலத்தில் ஒரு துணைவேந்தர் தெரிவை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பக்கத்தில் நின்று பார்த்தேன். நாளைக்கு அதே நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்கும், அந்தப் பதவிக்குத் தகுதி இருந்தும் ஒதுங்கி நிற்கிறவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி, பேரவை மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கும். அவை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக ஜனாதிபதிக்குப் போகும். அவர் ஒருவரை நியமிப்பார். பதவிக்காலம் 3 ஆண்டுகள். பேரவையில் துணைவேந்தர், பீடாதிபதிகள், கல்வி விஷயங்களைத் தீர்மானிக்கும் மூதவை தெரிந்தெடுத்து அனுப்பும் இருவர் என்று உள்ளாட்கள் இருப்பார்கள். ஆணைக்குழு நியமிக்கும் வெளியாட்களின் எண்ணிக்கை அவர்களைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். அப்படியென்றால் வெளியாட்கள் எல்லாரும் ஒரு பக்கம் நின்றால் எதையும் தீர்மானிக்கலாம். நடைமுறையில் அது அபூர்வம். பீடாதிபதிகள் போட்டியாளர்களை இருபது வருடமாகப் பார்த்தவர்கள். எங்களில் பலருக்கு அவர்கள் முகமே தெரிவு நடக்கும் அன்றைக்குத்தான் தெரியவரும். முன்பின் தெரியாதவரைப் பற்றி, நன்றாகத் தெரிந்தவர் காதோரம் சொல்வதைக் கேட்டு வாக்களிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. இது போதாதென்று, ஆட்சி மாறினால் பேரவையின் வெளியாட்களும் மாறுவது நம் நாட்டு வழக்கம். ஒரு கோப்பு புரிய ஆரம்பிக்கும்போது வீட்டுக்குப் போக வேண்டி வரும்.

நான் கவனித்த முதல் விஷயம், விண்ணப்பம் போட்டவர்களைப் பற்றி இல்லை. போடாதவர்களைப் பற்றி.

எந்தப் பல்கலைக்கழகத்திலும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்கள் துறைத்தலைவராக இருந்தபோது பரீட்சைப் பெறுபேறு நேரத்துக்கு வந்திருக்கும், கல்விசாரா ஊழியர்கள் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள், பக்கத்துத் துறைக்காரர்கூட அவர்களிடம் யோசனை கேட்பார். இவர்களில் ஒருவரும் துணைவேந்தர் ஆக வேண்டும் என்று அலைய மாட்டார்கள். விளம்பரம் வந்த பிறகு யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார்கள். மறுபக்கம், இரண்டு வருடத்துக்கு முன்பிருந்தே மேடை மேடையாக ஏறி, அமைச்சர் வீட்டுக் கல்யாணத்துக்கும் தவறாமல் போய்வருகிறவர் முதல் நாளே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவார். வந்த கடிதங்களுக்குள்ளேயே பொறுக்கி எடுப்பது என்றால், ஆசைப்பட்டவர்களில் யார் பரவாயில்லை என்று பார்ப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. தேடல் என்று சொல்லத்தக்க வேலை விளம்பரத்துக்கு முன்பே நடந்தாக வேண்டும்.

ஆகவே பேரவைக்குப் புதிதாகப் போகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே பதிவாளரிடம் ஒரு திகதியைக் கேட்டு வாங்குங்கள். தற்போதைய துணைவேந்தரின் காலம் எப்போது முடிகிறது? அதிலிருந்து ஒரு வருடத்தைப் பின்னால் எண்ணி டயரியில் குறித்து வையுங்கள். கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவரே துணைவேந்தர்தான். அவர் மறுபடியும் போட்டியிட நினைத்திருந்தால் மேசையைச் சுற்றி ஒரு குளிர் பரவும். நான் கேட்டபோது பரவியது. பரவினால் என்ன, மலைநாட்டுக்காரர்களுக்குக் குளிர் புதிதா?

அதற்கு அடுத்த கூட்டத்தில் வெளிப்படையாகவே சொன்னேன். விளம்பரம் வரும்வரை தகுதியானவர்கள் என்று எனக்குப் படுகிறவர்களிடம் பேசி விண்ணப்பிக்கச் சொல்லப் போகிறேன், யாருக்கும் வாக்குறுதி தரமாட்டேன், விளம்பரம் வந்த நாளிலிருந்து ஒருவருடனும் தனியாகப் பேசமாட்டேன் என்று. கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொன்னேன். இது முக்கியம். குறிப்பில் ஏறாவிட்டால், நாளைக்கு ‘அவர் தனக்கு வேண்டியவருக்காக ஆள் பிடித்தார்’ என்று பேச்சு வரும். கணக்குத் தொழிலில் இருந்தவர்களுக்கு எழுத்தில் இல்லாதது நடக்காததற்குச் சமம்.

ஒரு பேராசிரியையிடம் தொலைபேசியில் பேசியது இன்னும் நினைவிருக்கிறது. ஆளைச் சொல்லமாட்டேன். வெளி மாவட்டத்தில் வேலை செய்கிறவர், நம் பக்கத்துப் பிள்ளை.

“எனக்கு எதுக்கு மிஸ் இந்தத் தலைவலி? ஒரு பெட்டிசம் வந்தா எங்க அம்மாவுக்குப் பிரஷர் ஏறிடும்” என்றார்.

பெட்டிசம் என்பது சின்ன விஷயம் இல்லை. பெயரில்லாத ஒரு கடிதம் ஆணைக்குழுவுக்கும் அமைச்சுக்கும் பத்திரிகைக்கும் பிரதி போட்டு வரும். பெண் என்றால் அதில் என்ன எழுதுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நல்லவர்கள் ஒதுங்குவதற்கு இது பெரிய காரணம். இரண்டாவது காரணம் ஆய்வு. மூன்று வருடம் ஆய்வுகூடத்தை விட்டுவிட்டு வந்தால், திரும்பிப் போகும்போது மாணவர்களும் நிதியும் போயிருக்கும். மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்: யார் யாரையோ போய்ப் பார்த்துக் கும்பிட வேண்டி வருமோ என்ற அருவருப்பு.

அவரிடம் ‘நீங்கள் பெரிய ஆள், நாட்டுக்கு நீங்கள் தேவை’ என்றெல்லாம் பேசி எடுபடவில்லை. எடுபட்டது வேறு. சமர்ப்பிக்கப்பட்ட வருடாந்த அறிக்கையையும் கணக்காய்வு அறிக்கையையும் அனுப்பி, “இதைப் படிச்சிட்டுச் சொல்லுங்க. வேண்டாம்னா விட்டுடுறேன்” என்றேன். ஒரு கிழமை கழித்து அவரே எடுத்தார். முதல் கேள்வி: “மிஸ், நிலுவையில எத்தனை வழக்கு இருக்கு?” அடுத்தது: “நிதியாளர் பதவி நிரந்தரமா, பதில் கடமையா?” சம்பளத்தையோ வாகனத்தையோ பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த இரண்டு கேள்வியிலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று புரிந்துவிட்டது. வேலையின் பாரத்தை முதலில் தூக்கிப் பார்க்கிறவர் தூக்குவார். யாரையாவது இப்படி அழைக்கப் போகிறீர்கள் என்றால் புகழ்ச்சியை விட்டுவிட்டுக் கோப்பைக் கொடுங்கள். ஓடுகிறவர் அங்கேயே ஓடிவிடுவார், நிற்கிறவர் கேள்வி கேட்பார்.

விளம்பரம் வந்து, விண்ணப்பங்கள் ஒரு கட்டாக வீட்டுக்கு வந்தன. சுயவிபரக்கோவை என்பது இப்போதெல்லாம் தனிப் புத்தகம். ஆய்வுக் கட்டுரைகள், ஸ்கோப்பஸ், எச்-இன்டெக்ஸ் என்று ஆய்வை எடைபோடும் கணக்குகள், போன நாடுகள், வாங்கிய விருதுகள். அவ்வளவும் உண்மையாகவே இருக்கலாம், அவ்வளவும் பெருமைக்குரியதாகவும் இருக்கலாம். ஆனால் துணைவேந்தர் சட்டப்படி பல்கலைக்கழகத்தின் கணக்கீட்டு உத்தியோகத்தரும்கூட. காசு விஷயத்தில் கடைசிக் கையெழுத்து அவருடையது. அரச நிறுவனங்களின் கணக்கை விசாரிக்கும் நாடாளுமன்றத்தின் கோப் குழு அழைத்தால் போய் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்தப் பக்கத்தைச் சுயவிபரக்கோவையில் தேடினால் கிடைக்காது.

எனக்குப் பழக்கப்பட்ட வழியில் தேடினேன். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளைச் சொல்கிறேன். பல்கலைக்கழகங்களின் வருடாந்த அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படுகின்றன, யாரும் படிக்கலாம். ஆனால் யாரும் படிப்பதில்லை. விண்ணப்பதாரர் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை பீடாதிபதியாக இருந்தார் என்று பார்த்து, அந்த வருடங்களின் அறிக்கையில் அந்தப் பீடத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரிசையாக வாசித்தேன். மூலதன ஒதுக்கீட்டில் டிசம்பர் 31 இல் செலவழியாமல் கிடந்தது எவ்வளவு? வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்த் திரும்பாதவர்களிடம் பிணைமுறிப் பணம் அறவிட்டார்களா? வாங்கிய கருவி பாவனையில் இருக்கிறதா?

ஒரு பந்தி இப்படி இருந்தது. பெரிய விலை கொடுத்து வாங்கிய ஆய்வுகூடக் கருவி ஒன்று, அந்த அறைக்கு மும்முனை மின்சாரம் இல்லாததால் பெட்டி பிரிக்காமலே ஒரு வருடத்துக்கு மேல் மூலையில் கிடந்திருக்கிறது. அந்த வருடங்களில் அந்த நிர்வாகத்தோடு தொடர்புபட்ட இருவர் எங்கள் விண்ணப்பதாரர்கள். தெரிவு நாளன்று இருவரிடமும் அதையே கேட்டேன். ஒருவர் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் குற்றம் சொன்னார், பிறகு வழங்குநரை, பிறகு பராமரிப்புப் பிரிவை. மற்றவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “ஓம் மெடம், அது என் காலத்தில்தான். கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரும் முன்பு அறையைப் போய்ப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. இப்போது மின்பொறியாளர் கையெழுத்து இல்லாமல் எந்தக் கோரிக்கையும் என் மேசையைத் தாண்டாது” என்றார். கருவி கிடந்தது பெரிய குற்றம் இல்லை. அரசாங்க வேலையில் இப்படி ஆயிரம் கிடக்கும். அதற்கு அப்புறம் அவர் என்ன மாற்றினார் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நற்சான்று தருபவர்களின் கடிதங்களை நான் மேலோட்டமாகத்தான் பார்த்தேன். அவரே தேர்ந்தெடுத்த இருவர் அவரைப் பற்றி நல்லது சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்? அதைவிட, அந்த ஆளுக்குக் கீழே வேலை செய்து இப்போது அவரிடம் எந்த நன்மையும் எதிர்பார்க்காதவர்கள்தான் சரியான சாட்சிகள்: ஓய்வு பெற்ற முகாமைத்துவ உதவியாளர், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்ட இளம் விரிவுரையாளர், வளாகத்தின் ஒழுங்கையும் பாதுகாப்பையும் பார்த்த பழைய மார்ஷல். எல்லாரைப் பற்றியும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: “அவரோடு கருத்து வேறுபாடு வந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்க, அதற்குப் பிறகு உங்களை எப்படி நடத்தினார்?” ‘நல்ல மனுசனா’ என்று கேட்டால் எல்லாரும் நல்ல மனுசன்தான். இந்தக் கேள்விக்குக் கதை வரும். ஒருவர் பற்றி ஒரு பழைய மார்ஷல் சொன்னார்: “ராகிங் விசாரணையில நான் சொன்னது அவருக்குப் பிடிக்கல மிஸ். ஆனா அறிக்கையில நான் சொன்னதை அப்படியே எழுதினார். கீழே தன்னோட கருத்தைத் தனியா எழுதினார்.” பல்கலைக்கழகங்களில் பகிடிவதையைத் தடுக்க 1998 ஆம் ஆண்டே 20 ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் அறிக்கைகள் எப்படிக் கரைந்து போகின்றன என்று தெரிந்தவர்களுக்கு அந்த மார்ஷல் சொன்னதன் எடை புரியும்.

இப்படி விசாரிப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வம்பு எது, தகவல் எது என்று பிரிப்பது லேசான காரியம் இல்லை. எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். ஒருவரின் முகத்துக்கு நேரே கேள்வியாகக் கேட்க முடியாத எதையும் என் கணக்கில் சேர்ப்பதில்லை. குடும்பம், சாதி, யாரோடு சிரித்துப் பேசினார் என்பதெல்லாம் அத்தோடு போயிற்று. பெட்டிசங்களும் வந்தன. கையெழுத்து இல்லாதவற்றைக் கிழித்துப் போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கையெழுத்து இல்லாவிட்டாலும் கோப்பு இலக்கம் இருந்தால் பதிவாளரிடம் கொடுத்து, உண்டா இல்லையா என்று பார்க்கச் சொல்வேன். இலக்கம் இல்லாமல் வசவு மட்டும் இருந்தால் அடுப்புக்கு.

இனி, எழுதத் தயங்குகிற ஒரு பகுதி.

விண்ணப்பம் முடிந்த பிறகு ஹட்டனில் என் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். விண்ணப்பதாரர் நேரே வருவது குறைவு, அவருக்கு வேண்டியவர் வருவார். கையில் கேக் பெட்டி இருக்கும். ஒருவர் வாசலில் என்னை ‘மெடம்’ என்றார். தேநீர் குடித்து முடிக்கும்போது ‘மிஸ்’ ஆனேன், செருப்பை மாட்டும்போது ‘அக்கா’ ஆகிவிட்டேன். சொன்னது ஒன்றுதான்: “நம்ம ஆளுக்கு நம்மதானே அக்கா போடணும்.”

இதை நான் சிரித்துத் தள்ளிவிடவில்லை. மலையகத் தமிழர் பல்கலைக்கழக ஆசிரியர்களாக இருப்பதே குறைவு, உயர் பதவிகளில் இன்னும் குறைவு. நம்மில் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், தோட்டத்து லய வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நானே அந்தப் பிள்ளையாக இருந்தவள். ஆனால் அந்தக் கோரிக்கையை அந்த நேரத்தில், கேக் பெட்டியோடு கொண்டுவருவது நம் ஆளுக்கும் நல்லதில்லை. இன்றைக்கு ‘நம்ம ஆள்’ என்று போடப்படும் வாக்கு, நாளைக்கு அவர் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கு நியாயமாக ஒரு காரியம் செய்தாலும் ‘தன் ஆட்களுக்குச் செய்கிறார்’ என்ற பேச்சுக்கு அத்தாட்சியாகிவிடும். நம்மவர்கள் மேலே வர வேண்டும் என்றால் வேலை பத்து வருடத்துக்கு முன்னால் தொடங்க வேண்டும். இளம் விரிவுரையாளர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: மாணவ ஆலோசகர், விடுதிப் பொறுப்பு, துறைத்தலைவர் என்று யாரும் விரும்பாத வேலைகளை ஒன்றிரண்டு முறையாவது ஏற்றுச் செய்யுங்கள். பீடாதிபதியைப் பீடச்சபை வாக்களித்துத்தான் தெரிவு செய்கிறது. அந்த வாக்கு உங்கள் கட்டுரைகளைப் பார்த்து வருவதில்லை, நீங்கள் நேர அட்டவணைச் சண்டையை எப்படித் தீர்த்தீர்கள் என்பதைப் பார்த்து வருகிறது. துணைவேந்தர் பட்டியலுக்குப் போகிற பாதை பெரும்பாலும் அந்த அறை வழியாகத்தான் போகிறது.

கேக் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தேநீர் கொடுக்காமல் மட்டும் அனுப்ப முடியவில்லை, நம் ஊர் வழக்கம் அப்படி.

தெரிவுக் காலத்தில் அடிக்கடி கேட்ட இன்னொரு பெருமூச்சு, ‘ஜெனிங்ஸ் மாதிரி ஒருத்தர் இனி எங்கே’ என்பது. மலைநாட்டில் பல்கலைக்கழகம் என்றாலே அந்தப் பெயர் வந்துவிடும். ஐவர் ஜெனிங்ஸ் 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். 1952 இல் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தது அவர் காலத்தில். பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் அன்று நாட்டுக்கே ஒரே பல்கலைக்கழகம். இன்றைக்குத் துணைவேந்தர் ஒரு சிற்றூழியர் வெற்றிடத்தை நிரப்பவும் கொழும்பின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர்கள் வெளிநாடு போய்க்கொண்டே இருந்தார்கள், வெற்றிடங்கள் அப்படியே கிடந்தன. இந்த நிலையில் கட்டியெழுப்புகிறவரைத் தேடுவதைவிட, இருக்கிறதைச் சிந்தாமல் நடத்துகிறவரைத் தேடுவதுதான் நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

ஜெனிங்ஸை விட எனக்குப் பிடித்த உதாரணங்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக நியமிக்கப்பட்ட கைலாசபதிக்கு வயது 41. பின்னர் அது பல்கலைக்கழகம் ஆனபோது முதல் துணைவேந்தர் ஆன வித்தியானந்தன், பேராதனையில் மாணவர்களை வைத்து நாட்டுக்கூத்தை மேடையேற்றியவர். ஒத்திகை என்றால் நேரம், கோபம், பொறாமை, காசுத் தட்டுப்பாடு எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். அவ்வளவையும் சமாளித்தவருக்கு மூதவைக் கூட்டம் பெரிய விஷயமாக இருந்திருக்காது. இன்றைய விண்ணப்பங்களில் வயதைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் 65 வயது ஓய்வை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பார்கள். ஓய்வுக்கு முன் போர்த்திக்கொள்ளும் பொன்னாடையாகப் பதவியைப் பார்க்கிறவர்கள் அதில் சிலர். நாற்பதுகளில் இருக்கிற ஒருவர் விண்ணப்பித்தால் ‘இன்னும் காலம் இருக்கிறதே’ என்று ஒதுக்குகிறோம். ஏன் ஒதுக்குகிறோம் என்று எனக்கு யாரும் சரியான காரணம் சொன்னதில்லை.

தெரிவு நாள். ஒவ்வொருவரும் வந்து திட்டத்தை விளக்குவார்கள். திரையில் வருவது எல்லாம் ஒரே அச்சு: ஸ்மார்ட் பல்கலைக்கழகம், சர்வதேசத் தரப்படுத்தல், தொழிற்றுறைத் தொடர்பு. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வெளி உறுப்பினர்கள் சிலர் முன்கூட்டியே பேசி, எல்லாருக்கும் ஒரே மாதிரியான, இந்த இடத்துக்கே உரிய கேள்விகளைப் பிரித்துக்கொண்டோம். என் பங்கு இது: “இரவு 10 மணி. மழை விடவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குச் சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. காலை 9 மணிக்கு இறுதி வருடப் பரீட்சை. நீங்கள் துணைவேந்தர். என்ன செய்வீர்கள்?”

நான் இதைக் கேட்டது டித்வா புயலுக்கு முன்னால். 2025 நவம்பர் கடைசியில் மலைநாடு பட்ட பாட்டுக்குப் பிறகு இதைக் கற்பனைக் கேள்வி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு ஒருவர் லேசாகச் சிரித்தார்.

ஒருவர் அனர்த்த முகாமைத்துவக் கொள்கை ஒன்றைத் தயாரிக்கக் குழு அமைப்பதாகச் சொன்னார். இரவு பத்து மணிக்குக் குழு. இன்னொருவர் ஆணைக்குழுவின் ஆலோசனையைக் கேட்பேன் என்றார். ஒருவர் மட்டும் பதிலுக்கு என்னிடமே கேட்டார்: “சரிவுப் பக்கம் இருப்பது பெண்கள் விடுதிதானே மெடம்?” பிறகு மடமடவென்று சொன்னார். முதலில் மார்ஷலுக்கும் விடுதிப் பொறுப்பாளருக்கும் தொலைபேசி, பிள்ளைகளை உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாற்றுவது, கன்டீன்காரரை எழுப்பிச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுக்கச் சொல்வது, பரீட்சையைத் தன் கையெழுத்தில் ஒத்திவைத்து இரவோடிரவாக மூன்று மொழியிலும் செய்தி அனுப்புவது, மூதவைக்குப் பிறகு அறிவித்து அனுமதி எடுப்பது. “பிள்ளைகளின் பெற்றோர் எடுப்பார்கள், அதற்கு ஒரு இலக்கத்தில் தமிழ் பேசுகிறவர் ஒருவர் இருக்க வேண்டும்” என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். அவர் தமிழர் இல்லை.

இடம் தெரிகிறதா, கையெழுத்துப் போடப் பயமில்லையா, ஆட்கள் நினைவுக்கு வருகிறார்களா என்று மூன்றையும் அந்த ஒரு கேள்வி காட்டிவிட்டது. உங்கள் ஊருக்குத் தகுந்தாற்போல் வேறு கேள்வி செய்துகொள்ளுங்கள். பதில் இணையத்தில் கிடைக்காததாக இருந்தால் போதும்.

அப்புறம் வாக்கு. இங்கேதான் பேரவைகள் அடிக்கடி சறுக்குகின்றன. எல்லாருக்கும் மனதில் ஒருவர் இருப்பார். தன் ஆள் முதலில் வர வேண்டும் என்பதற்காக, மற்ற வாக்குகளைப் பலமில்லாத ஒருவருக்குப் போட்டுவிடுவார்கள். பலமான போட்டியாளர் பட்டியலிலேயே வராமல் போனால் தன் ஆளுக்குப் பாதை சுலபம் என்ற கணக்கு. கணக்கு பிழைக்கும். கூடிய வாக்கு வாங்கியவரைத்தான் நியமிக்க வேண்டும் என்ற கட்டாயம் ஜனாதிபதிக்கு இல்லை, மூவரில் யாரும் வரலாம். இடத்தை நிரப்பப் போட்ட மூன்றாம் பெயர், ஒரு நாள் காலையில் துணைவேந்தராக வந்து நின்றால் யாரைக் குறை சொல்வது? அதனால் என் யோசனை இது. வாக்குச்சீட்டைக் கையில் எடுக்கும்போது ‘யார் வர வேண்டும்’ என்று யோசிப்பதோடு நிற்காதீர்கள். ‘இந்த மூவரில் யார் வந்தாலும் அடுத்த மூன்று வருடம் நிம்மதியாகத் தூங்குவேனா’ என்று ஒவ்வொரு பெயருக்கும் கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பெயரைப் போடாதீர்கள்.

பட்டியல் கொழும்புக்குப் போன பிறகு பேரவை செய்ய ஒன்றும் இல்லை. நியமனம் சீக்கிரம் வந்தால் நல்லது. வராவிட்டால் பதில் கடமைக்கு ஒருவர் வருவார், அல்லது தகுதிவாய்ந்த அதிகாரி என்று ஒருவரை அமைச்சர் நியமிப்பார். அந்த இடைக்காலத்தில் யாரும் பெரிய முடிவு எடுக்க மாட்டார்கள், மேசையில் கோப்பு மேல் கோப்பு ஏறும். ஆகவே காத்திருக்கும் நாட்களில் பதிவாளரையும் நிதியாளரையும் கொண்டு ஒரு கையளிப்புக் கோப்பைத் தயாரிக்கச் சொன்னோம்: வழக்குகள், வெற்றிடங்கள், முடியாத கட்டிட ஒப்பந்தங்கள், பதில் அனுப்பாத கணக்காய்வு வினாக்கள், கொடுத்து நிறைவேறாத வாக்குறுதிகள். யார் வந்தாலும் முதல் நாளே மேசையில் இருக்கட்டும் என்று. மூன்று வருடத்தில் முதல் வருடம் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும்.

வராமல் போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முடிவை அவர்களுக்கு முறையாக அறிவிக்கும் வழக்கமே எங்களிடம் இருக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். மறுநாள் அதே நடைபாதையில், அதே ஆட்களுக்கு நடுவில், தோற்றவர் என்ற பெயரோடு வேலைக்குப் போக வேண்டும். இதனாலேயே பலர் இரண்டாம் முறை விண்ணப்பிப்பதில்லை, அடுத்த தேடல் இன்னும் வறட்சியாகிறது. பேரவையின் அனுமதியோடு ஒவ்வொருவருக்கும் கடிதம் அனுப்ப வைத்தோம். நியமனம் வெளியான பிறகு நானும் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து நன்றி சொன்னேன். சிலர் இரண்டு வார்த்தையில் வைத்துவிட்டார்கள். நான் வற்புறுத்தி விண்ணப்பிக்க வைத்த பேராசிரியை மட்டும் வைக்கவில்லை.

“அது பரவாயில்ல மிஸ், அம்மாவுக்குப் பிரஷர் ஏறல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தச் சிவப்பு எச்சரிக்கைக் கேள்விக்கு மத்தவங்க என்ன சொன்னாங்க?”

அதைச் சொல்ல முடியாது என்றேன். “சரி, அடுத்த தடவை வர்றவங்களுக்கு வேற கேள்வி தயார் பண்ணுங்க, இது இப்ப எல்லாருக்கும் தெரியும்” என்று சிரித்தார். அடுத்த தடவையும் போடுவீங்களா என்று கேட்டேன். “நிதியாளர் பதவியை நிரந்தரமாக்கிட்டாங்களா, அதை முதல்ல சொல்லுங்க” என்றார்.